சீரோ செவனுக்கு ஒரு வழி

தாம்பரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானம் இரண்டு ரகம். சுற்றிச் சுற்றி வருவது ஒன்று. போயே போய்விடுவது இன்னொன்று. சுற்றி வருபவை விமானப்படையினுடையவை. விமானம் ஓட்டச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி இங்கே இருக்கிறது. 1948-இல் அம்பாலாவில் தொடங்கிய அந்தப் பள்ளி 1954-இல் தாம்பரத்துக்கு வந்தது. எங்கள் பள்ளிக்கூட நாட்களில் கிரண் ஜெட்டும் தீபக்கும் சேலையூர், மாடம்பாக்கம், அகரம்தென் மேல் காலை முழுக்க வட்டமடிக்கும். ஓடுபாதையில் சக்கரத்தைத் தொட்டுவிட்டு, நிற்காமல் மறுபடி மேலேறும். கணக்கு வாத்தியார் பாடத்தைப் பாதியில் நிறுத்தி, சத்தம் கடந்து போகட்டும் என்று காத்திருப்பார். போய்விடுபவை மீனம்பாக்கத்து விமானங்கள். இரண்டு தளங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 11 கிலோமீட்டர்தான். அந்த இடைவெளிக்குள்தான் குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல் எல்லாம் அடங்கியிருக்கின்றன; எங்கள் வாழ்க்கையும் அதற்குள்தான் நடந்தது.

ஐப்பசி மழையில் எனக்கு ஒரு கேள்வி வரும். மேகம் பல்லாவரம் மலையை மூடிவிட்ட மாலைகளிலும் விமானங்கள் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. எதுவுமே தெரியாத அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஓடுபாதைக்கு நேராக எப்படி வெளியே வருகிறார்கள்? அப்பா தாம்பரம் கார் ஷெட்டில் மின்ரயில் பழுது பார்த்தவர். "தண்டவாளம் இல்லாத வண்டி. எனக்குத் தெரியாது, மாமாவைக் கேளு" என்று எதிர்வீட்டுக்கு அனுப்பினார்.

எதிர்வீட்டு மாமா விமானப்படையில் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டராக இருந்து சார்ஜென்டாக ஓய்வு பெற்றவர். தெரு முழுக்க அவருக்கு சார்ஜென்ட் மாமா என்றே பெயர். கேள்வியைக் கேட்டதும் வாசல் சிமென்ட் தரையில் சாக்பீஸால் ஓடுபாதை வரைந்தார். அதன் ஒரு முனையில் ஆன்டெனா வரிசை. அது இரண்டு வானொலிக் கற்றைகளை வீசும். ஒன்றில் 90 ஹெர்ட்ஸ் ஒலி, இன்னொன்றில் 150 ஹெர்ட்ஸ் ஒலி. இரண்டும் சமமாகக் கேட்கும் கோடுதான் ஓடுபாதையின் நடுக்கோடு. ஒன்று கூடினால் இடது, மற்றது கூடினால் வலது. அதே மாதிரி உயரத்துக்கு இன்னொரு ஆன்டெனா. "முள்ளு ரெண்டும் நடுவுல நின்னா நீ சரியா இருக்கே. வெளியே பார்க்கவே வேணாம்" என்றார். ஐ.எல்.எஸ். என்ற மூன்றெழுத்தை அன்றுதான் கேட்டேன். தண்டவாளம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத தண்டவாளம் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திருப்தியானார்.

விமானி ஆகவில்லை. கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை, சேலையூரிலேயே வீடு. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 2000-களின் இறுதியில், வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் அகலப்பட்டை இணைப்பும் வந்த பிறகு, ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டரைப் பிடித்துக்கொண்டேன். 1997 முதல் உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிவரும் மென்பொருள் அது. காசு கிடையாது. உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், சேர்க்கலாம். இந்தக் கடைசி உரிமைதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் பட்டது. ரிச்சி தெருவில் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கினேன். மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டினேன். செஸ்னா 172 விமானம், சென்னை விமான நிலையம், மழை மேகம். மாமா சொன்ன இரண்டு முள்ளும் திரையில் நடுவுக்கு வந்து நின்றபோது மனசு நிறைந்தது.

ஐ.எல்.எஸ். ஒவ்வொரு ஓடுபாதை முனைக்கும் தனித்தனியாக வேண்டும். ஆன்டெனா நட இடம் வேண்டும், சுற்றிலும் சமதரை வேண்டும், அளவீட்டு விமானம் அவ்வப்போது பறந்து சரிபார்க்க வேண்டும். பெரிய நிலையங்களால் அது முடியும். சின்ன ஊர் நிலையங்களுக்கு அது பெரும் செலவு. செயற்கைக்கோள் வழி இறங்குமுறை அந்தக் கட்டை அறுத்துவிட்டது. தரையில் எதையும் நட வேண்டாம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோள்களில் நான்கையாவது பார்த்தால் விமானம் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். 2000 மே மாதம் அமெரிக்கா அந்தச் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியதும் துல்லியம் பல மடங்கு கூடியது. அதன்பின் இறங்குபாதை என்பது வெறும் எண்களின் வரிசை. இந்த அட்சரேகை, இந்தத் தீர்க்கரேகை, இந்த உயரம்; அடுத்து இது, அடுத்து இது. ஆன்டெனா நட்டு வைத்த இடத்தில் எண்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. இதை என் சிமுலேட்டரில் சென்னைக்குச் சேர்க்க வேண்டும் என்று ஆசை வந்தது.

ஃப்ளைட்கியரில் அதற்கு வழி இருக்கிறது. உலகின் விமான நிலையங்களுக்கு நான்கெழுத்துக் குறியீடு உண்டு. வி.ஓ. என்று தொடங்கினால் தென்னிந்தியா. சென்னை வி.ஓ.எம்.எம்., தாம்பரம் வி.ஓ.டி.எக்ஸ். அந்த எழுத்துகளின் பெயரில் அடுக்கடுக்காக அடைவுகள் இருக்கும். கடைசி அடைவுக்குள் நிலையத்தின் பெயரில் ஓர் எக்ஸ்.எம்.எல். கோப்பை வைத்தால், விமானத்தின் பாதைப் பட்டியல் அதை எடுத்துக்கொள்ளும். சாதாரண எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் எழுதலாம். ஒவ்வொரு வழிப்புள்ளிக்கும் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், உயரம், அந்த உயரத்தில் சரியாக இருக்க வேண்டுமா அல்லது அதற்கு மேல் இருந்தால் போதுமா என்ற நிபந்தனை. கடைசியில், ஓடுபாதை தெரியாவிட்டால் மேலேறிப் போக வேண்டிய வழி. இந்தக் கடைசிப் பகுதியை எழுதாமல் விட யாருக்கும் கை வரக் கூடாது. இறங்க முடியாமல் போனால் எங்கே போவது என்பதைச் சொல்லாத வழியை வழி என்றே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வரைபடம் இந்திய விமான நிலையங்கள் ஆணையம் வெளியிடும் வான்வழித் தகவல் தொகுப்பில் கிடைக்கும். யாரும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். விமானிகளுக்கான தாள் அது. அதைச் சேலையூரில் ஒருவன் மேஜையில் விரித்து வைத்துப் படிக்கலாம் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த இறங்குமுறைகளின் அடிப்படை வடிவம் உலகெங்கும் ஒன்றுதான். ஆங்கில 'டி' எழுத்தைப் படுக்க வைத்த மாதிரி. இடமிருந்தோ வலமிருந்தோ நேராகவோ வந்து நடுப்புள்ளியில் சேர்ந்து, ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி, இறுதிப் புள்ளியிலிருந்து இறங்கத் தொடங்க வேண்டும்.

முதலில் 07-ஆம் ஓடுபாதையை எடுத்துக்கொண்டேன். சீரோ செவன் என்பார்கள். மேற்கிலிருந்து வந்து கிழக்கே கடலை நோக்கி இறங்கும் திசை. வடகிழக்குப் பருவக்காற்றிலும், பிற்பகல் கடற்காற்று உள்ளே நுழைந்த பிறகும் சென்னையில் அதிகம் பயன்படும் திசையும் அதுவே. ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுத்தது வேறு காரணத்துக்காக. அந்தத் திசைக்கு ஏற்கெனவே ஐ.எல்.எஸ். இருக்கிறது. நான் எழுதும் செயற்கைக்கோள் பாதையும் ஐ.எல்.எஸ். பாதையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். ஒரு முள்ளுக்கு ஐ.எல்.எஸ்., இன்னொரு முள்ளுக்கு ஜி.பி.எஸ். இரண்டும் ஒத்துப்போனால் என் எண்கள் சரி. சோதிக்க வழியில்லாத ஒன்றை முதலில் செய்யக் கூடாது என்பது சார்ஜென்ட் மாமா சொல்லித் தந்தது.

வரைபடத்தில் எண்கள் பாகை, கலை, விகலையில் இருக்கும். கோப்புக்குத் தசமப் பாகை வேண்டும். கலையை 60-ஆலும் விகலையை 3600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் ஒரு விகலை என்பது தரையில் ஏறக்குறைய 30 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுபாதை 3.6 கிலோமீட்டர் நீளம் இருந்தாலும் அகலம் 45 மீட்டர்தான். இரண்டு விகலை தவறினால் சக்கரம் புல்லில் இறங்கும். அதனால் தசமத்துக்குப் பிறகு ஐந்து இலக்கம் எழுதினேன். ஐந்தாம் இலக்கத்தின் ஓர் எண் தரையில் ஒரு மீட்டரை ஒட்டி வரும்.

மாமாவுக்கு அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த வயது. சாயங்காலம் வந்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

"எழுதி முடிச்சதை யார்டா செக் பண்றது?"

"நான்தான் மாமா, ரெண்டு தடவை பார்க்கறேன்."

"நீ பண்ண வேலைய நீயே பார்க்கக் கூடாது. உன் கண்ணு ஒரு தடவை ஒத்துக்கிட்டதை மறுபடியும் ஒத்துக்கும். கிரணோட மானியை நான் கழட்டி மாட்டினா, இன்னொருத்தன் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் அது பறக்கும்."

அன்றிலிருந்து என் மகள் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாக வாசிப்பாள், நான் தட்டச்சு செய்வேன். பிறகு இடம் மாறிக்கொள்வோம். நான் திரையிலிருந்து வாசிக்க, அவள் தாளில் விரலை வைத்துச் சரிபார்ப்பாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளையை உட்கார வைத்து என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். முக்கோணவியல் பாடம் அவளுக்கு அந்த மேஜையில்தான் விளங்கியது என்று நான் நம்புகிறேன். மூன்று டிகிரிச் சரிவில் இறங்க ஒரு கடல் மைலுக்கு எத்தனை அடி என்று கேட்டேன். மூன்று டிகிரியின் டேன்ஜன்டை 6076 அடியால் பெருக்கி, 318 என்று அவளே சொன்னாள். ஓடுபாதை முனையை 50 அடி உயரத்தில் கடக்க வேண்டும். சென்னை நிலையமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 அடி உயரத்தில் இருக்கிறது. ஆக, 5 மைல் தொலைவில் உயரமானி 1,700 அடியை ஒட்டிக் காட்ட வேண்டும். செஸ்னாவின் 90 நாட் வேகத்துக்கு நிமிடத்துக்கு 480 அடி இறங்க வேண்டும். இந்தப் பட்டியலை ஒரு அட்டையில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினாள்.

அதை வைத்துப் பறந்தபோது என் ஊர் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. மணிமங்கலம் பக்கம் இரண்டாயிரம் அடியைத் தாண்டிய உயரம். குன்றத்தூருக்குத் தெற்கே ஆயிரத்தைச் சற்றுத் தாண்டி. அனகாபுத்தூருக்கும் பம்மலுக்கும் இடையே ஐந்நூறு, அறுநூறு அடி. பொழிச்சலூர் வந்துவிட்டால் ஓடுபாதை. நான் பஸ்ஸிலும் டூவீலரிலும் போய் வந்த ஊர்களெல்லாம் ஓர் இறங்குசரிவின் படிகளாக வரிசையில் நின்றன. பொழிச்சலூரில் உறவினர் வீட்டு மொட்டை மாடியில் நின்று விமானத்தின் வயிற்றைப் பார்த்தவனுக்கு, அந்த விமானியின் முள்ளு அப்போது எங்கே நின்றிருக்கும் என்று இப்போது தெரிந்தது.

முள்ளின் கூர்மையையும் சேர்க்க வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் வழியில் பறக்கும்போது நிலையத்தை நெருங்கும் பகுதியில் முள்ளின் முழு விலகல் ஒரு கடல் மைல். இறுதிப் புள்ளிக்கு இரண்டு மைல் முன்பிலிருந்து அது மெல்லச் சுருங்கி 0.3 மைல் ஆகும். விமானி எதுவும் செய்யாமலே முள்ளு பதற்றமடையத் தொடங்கும். ஃப்ளைட்கியருக்குள் நாசல் என்றொரு சின்ன நிரல்மொழி இருக்கிறது. அதில் இந்தச் சுருக்கத்தை எழுதிச் சேர்த்தேன். சில வரிகள்தான். ஆனால் அதற்குப் பிறகுதான் திரையில் இருந்தது விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் எனக்குப் போயிற்று.

இனிச் சொல்லப்போவது என் கோப்பில் இல்லாத விஷயம். ஆனால் இந்த வேலையில் எனக்குக் கிடைத்தவற்றில் இதையே பெரிதாக நினைக்கிறேன். பரங்கிமலை உச்சியைச் சிமுலேட்டரின் நிலக்காட்சியில் சரியாக நிறுத்த விரும்பினேன். கடல் பக்கத்திலிருந்து 25-ஆம் ஓடுபாதைக்கு வருகிறவர்களுக்கு அதுவே கண்ணில் படும் அடையாளம். ஒரு பழைய நிலவரைபடத் தாளிலிருந்து அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை அளந்து எடுத்துப் போட்டால், மலை நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நின்றது. தாளும் சரி, கணக்கும் சரி. பூமிதான் இரண்டு. பழைய இந்திய வரைபடங்கள் 1830-ஆம் ஆண்டின் எவரெஸ்ட் நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகப் பொது நீள்வட்டம். 1998 ஜனவரி 1 முதல் உலக விமானப் போக்குவரத்து முழுவதும் இந்த இரண்டாவதற்கு மாற வேண்டும் என்று சர்வதேச அமைப்பு விதித்தது. ஒரே இடத்துக்கு இரண்டு முகவரி இருந்தால் செயற்கைக்கோளை நம்பி யாரும் இறங்க முடியாது.

அந்த எவரெஸ்ட் நீள்வட்டம் எங்கிருந்து வந்தது? பரங்கிமலையிலிருந்தே. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவீட்டைப் பரங்கிமலை அருகே தொடங்கினார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு. 100 அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, சித்திரை வைகாசி வெயிலில், முழம் முழமாக முன்னேறினார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் பெட்டிகளில் வெப்பமானி வைத்து, ஒவ்வோர் அளவையும் திருத்தினார்கள். அந்த ஏழரை மைலில் தொடங்கித்தான் குமரி முதல் இமயம் வரையான முக்கோணங்கள் எழுந்தன. பூமியின் வளைவைக் கணக்கிட்டதும், எவரெஸ்ட் என்ற அளவையாளர் பின்னர் நீள்வட்டம் வகுத்ததும் அந்த வரிசையில் வந்தவை.

இன்று அந்தக் கோட்டின் மேல் நங்கநல்லூர், மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கத்து வீடுகள் எழுந்துவிட்டன. தென்கிழக்கிலிருந்து 30-ஆம் ஓடுபாதைக்கு இறங்கும் ஒவ்வொரு விமானமும் லாம்டனின் கோட்டைக் குறுக்கே கடந்துதான் தரையைத் தொடுகிறது. இங்கே வாழ்கிறவர்களுக்கு இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டும். மேடவாக்கம் பிள்ளைகள் தங்கள் காலடியில் என்ன அளக்கப்பட்டது என்று தெரியாமல் வளர்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வெப்பம் லாம்டனின் எஃகை மட்டுமா நீட்டுகிறது? காற்றையும்தான். இதைக் காட்டித் தந்ததும் மாமா. பெரிய விமானங்களின் கணினி காற்றழுத்த உயரமானியைக் கொண்டே மூன்று டிகிரிச் சரிவை வரைந்துகொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. சிமுலேட்டரில் சித்திரை மாதத்துச் சென்னையை அமைத்து, 38 டிகிரி வெப்பத்தில், அந்த முறையில் ஒரு ஜெட்டை இறக்கினேன். உயரமானி சரியான எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்க, விமானம் ஐ.எல்.எஸ். சரிவுக்கு மேலே நின்றது.

"மானி உசரத்தைக் காட்டலடா. அழுத்தத்தைக் காட்டுது. அதை உசரம்னு முகப்புல எழுதி வெச்சது நாம" என்றார் மாமா.

உயரமானியின் அளவுகோல் கடல் மட்டத்தில் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டு செய்யப்பட்டது. 38 டிகிரியில் காற்று விரிந்து கிடக்கிறது. மானி ஆயிரம் அடி என்று சொல்லும்போது விமானம் உண்மையில் 1,080 அடியை ஒட்டி இருக்கும். மூன்று டிகிரிச் சரிவு 3.2 டிகிரியாகச் செங்குத்தாகிவிடும். குளிர் நாடுகளில் இது தலைகீழ், விமானம் தாழ்ந்து போகும்; அங்கே அது ஆபத்து. அதனால்தான் இவ்வகை வரைபடங்களில் வெப்ப வரம்பை அச்சிடுகிறார்கள். நாற்பது வருடம் கழித்தும் மாமாவின் விரல் திரையில் சரியான மானியின் மேல் போய் நின்றதை மறக்க முடியவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கும் வழி காற்றழுத்தத்தை நம்பாமல் உயரத்தையும் செயற்கைக்கோளிலிருந்தே எடுப்பது. வெறும் ஜி.பி.எஸ். அதற்குப் போதாது. சமிக்ஞை அயனி மண்டலத்தைக் கடக்கும்போது தாமதமாகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் வானத்தில் அந்தத் தாமதம் அதிகம், மாலைக்குப் பிறகு நிலையில்லாமல் ஆடும். இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் அதற்கான பதில். திருவனந்தபுரம், போர்ட் பிளேர், ஜம்மு, திப்ருகர் என்று நாடெங்கும் 15 நிலையங்கள் ஜி.பி.எஸ். பிழையை அளந்துகொண்டே இருக்கும். பெங்களூரில் திருத்தம் கணக்கிடப்பட்டு ஜிசாட்-8, ஜிசாட்-10 போன்ற கோள்கள் வழியே விமானத்துக்குத் திரும்பி வரும். உயரத்தோடு கூடிய இறங்குமுறைக்கு 2015 ஏப்ரலில் சான்றிதழ் கிடைத்தது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் இதைச் செய்துகாட்டிய முதல் நாடு இந்தியா. அந்தச் செய்தி வந்த நாளில் நாளிதழைக் கொண்டுபோய் மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

அடுத்த வருடம் ஜூலை 22. தாம்பரத்திலிருந்து காலை எட்டரை மணிக்கு 29 பேருடன் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 வங்கக்கடல் மேல் காணாமல் போனது. அந்த வாரம் முழுக்க கேம்ப் ரோட்டில் வேறு பேச்சே இல்லை. டீக்கடையில் ஒருவர் என்னைக் கேட்டார், எல்லா விமானத்திலும் ஜி.பி.எஸ். இருக்கிறதே, அது எங்கே என்று காட்டாதா என்று. ஜி.பி.எஸ். கேட்கும் கருவி மட்டும்தான். விமானி தான் இருக்கும் இடத்தை அறிந்துகொள்வான். அதை அவன் அனுப்பினால்தான், அனுப்பியதைக் கேட்க யாராவது எல்லைக்குள் இருந்தால்தான், நமக்குத் தெரியும். நடுக்கடலில் அப்படிக் கேட்கும் காது இல்லை. மாமா அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நானும் சிமுலேட்டரைத் திறக்கவில்லை. ஏழரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஜனவரியில், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படமெடுத்திருந்தது தெரியவந்தது. அவை அந்த ஏ.என்.-32-இனுடையவையாக இருக்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. தாம்பரத்திலிருந்து போன விமானத்தை வேளச்சேரி சாலையில் நான் தினம் கடந்துபோகும் நிறுவனம் தேடிக் கண்டது. அதைப் படிக்க மாமா இல்லை.

2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ராஜஸ்தானின் கிஷன்கர் நிலையத்தில் ககன் வழிகாட்ட இறங்கியது. நாட்டில் முதல் முறை. கிஷன்கர் டெல்லியோ மும்பையோ இல்லை, பளிங்குக்கல் வியாபாரம் நடக்கும் சின்ன ஊர். இந்தத் தொழில்நுட்பம் போய்ச் சேர வேண்டிய இடம் அப்படிப்பட்ட ஊர்களே. சென்னைக்கு இரண்டு முள்ளுக்கும் வேண்டிய ஆன்டெனாக்கள் எப்போதோ வந்துவிட்டன. தமிழ்நாட்டில் சேலம், தூத்துக்குடி போன்ற நிலையங்களில் மழை நாளில் இறங்குகிறவர்களுக்கும் சென்னையில் கிடைக்கும் அதே நேர்வழி கிடைக்க வேண்டும். வானத்தில் கோள்கள் இருக்கின்றன, சான்றிதழ் இருக்கிறது. விமானங்களில் கருவியும் ஒவ்வோர் ஓடுபாதைக்கும் அளந்து வரைந்த வழியும் வேண்டும். சின்ன ஊர் நிலையங்களுக்கு இதை முதலில் செய்வதே நியாயம் என்பது என் தீர்மானமான கருத்து.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துத்தான் அப்துல் கலாம் வெளியே வந்தார். அதே ரயில் பாதையை ஒட்டி வசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சிமுலேட்டர் இலவசம், வரைபடம் இலவசம், எழுத நோட்பேடு போதும். உங்கள் ஊர் நிலையம் ஒன்றை எடுத்து ஒரே ஓர் இறங்குமுறையை முழுதாக எழுதிப் பாருங்கள். ஐ.எல்.எஸ். உள்ள ஓடுபாதையில் தொடங்குங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். எண்களை வாசிக்க இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய கோப்பு சிமுலேட்டருக்கு மட்டுமே, உண்மைப் பறப்புக்கு ஒருநாளும் இல்லை. வான்வழித் தகவல்கள் உலகெங்கும் 28 நாள் சுழற்சியில் திருத்தப்படுகின்றன. அதனால் வரைபடத்தை எடுத்ததும் அதன் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் தேதியை முதலில் பாருங்கள்.